விரதமிருந்த ஈரல்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு என் மகள் வாசுகி தன் அண்ணனுக்குத் தேநீர் ஊற்றி மேசையில் வைத்தாள். சுதன் வேலையால் வருகிற நேரம் அது. ஆனால் அவன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஒருநாள் விடியற்காலை ஆமிக்காரர் வெள்ளவத்தையில் எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து, அடையாள அட்டைகளைப் பார்த்து, வேறு தமிழ்ப் பெடியன்களோடு சேர்த்து அவனையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவசரத்தில் அவன் என்னுடைய நீலச் சேர்ட்டைத்தான் மாட்டிக்கொண்டு போனான். அதன் இடது பையில் என் பேனை கசிந்த மைக்கறை இருந்தது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் போய்க் கேட்காத வாசல் இல்லை.

"ஆருக்குப் பிள்ளை இந்தத் தேத்தண்ணி?" என்று கேட்டேன்.

"அண்ணாவுக்கு. கை கழுவுறான்."

குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்ப் பூட்டினேன். அவள்தான் திறந்து விட்டிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது, அண்ணனின் கதிரையை மேசையிலிருந்து சற்றே இழுத்து, ஒருவர் இருக்க வசதியாக வைத்திருந்தாள்.

கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள் அது. விரதக்களை என்று நினைத்தோம். என் மனைவி சரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முருகன்தான் ஏதோ காட்டுறார்" என்றாள். எனக்கும் அப்படியே நினைக்க விருப்பமாக இருந்தது. எங்கள் வீட்டில் பக்தி என்று நாங்கள் எண்ணியது உண்மையில் ஈரல் செயலிழக்கத் தொடங்கிய அடையாளம். இதை எழுதுவதும் அதனால்தான். விரதம் பிடிக்கிற வீடுகளில் இதை யாராவது வாசிக்க வேண்டும்.

சுதனைக் கொண்டுபோன நாளிலிருந்தே வாசுகி மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். ஒருநேரச் சோறு, அதுவும் இரண்டு பிடி. மீன் இல்லாமல் சோறே இறங்காத பிள்ளை அவள். பொரித்த மீன்தலைக்கு அண்ணனும் தங்கையும் சிறு வயதிலிருந்து சண்டை. வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அவன் அவளுடைய சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கிக்கொண்டு எழும்பி ஓடுவான். "தலை தின்னிக் கள்ளன்" என்று அவள் பின்னால் கத்துவாள். சஷ்டி தொடங்கியதும் அந்த இரண்டு பிடியும் நின்றது. தண்ணீரும் தேசிக்காய்ச் சாறும் மட்டும்.

அதற்குச் சற்று முன்னால்தான் மழைக்காய்ச்சல் பிடித்தது. உடம்பு உளைவு, தலையிடி. விரதத்தில் சோறு முறிவு, பால் முறிவு; மருந்து முறிவு இல்லை. எங்கள் எல்லோர் வீட்டிலும் உள்ள நியாயம் அது. ஆகவே வெறும் வயிற்றில் பரசிற்றமோல் குளிசை கொடுத்தோம்.

வெள்ளி இரவு அவள் குடித்த தண்ணீரையெல்லாம் சத்தி எடுத்தாள். சனி விடிய, திரைச்சீலையை விலக்கிய வெளிச்சத்தில் சரோ அவளுடைய கண்ணைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். கண்ணின் வெள்ளை, பழைய கடதாசியின் நிறத்தில் இருந்தது.

"செங்கமாரி" என்றாள் சரோ. மஞ்சட்காமாலை.

அப்போதுதான் இன்னொன்றும் விளங்கியது. வீட்டில் ஒரு மணம் இருந்துகொண்டே இருந்தது. அழுகின பழமும் ஈரமண்ணும் சேர்ந்தாற்போல, கொஞ்சம் இனிப்பாக. சரோ அலுமாரிக்குப் பின்னால் செத்த எலி கிடக்கிறதா என்று தேடியிருந்தாள். பிள்ளையின் முகத்தருகே குனிந்தபோது அந்த மணம் அவளுடைய மூச்சிலிருந்து வந்தது.

எங்கள் குடும்ப டொக்டர் தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கிறார். கண்ணைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார். பிறகு, "இரண்டு கையையும் நீட்டும் பிள்ளை. செக்பொயின்ரில வாகனத்தை மறிக்கிற மாதிரி விரல் விரியும்" என்றார். வாசுகி நீட்டினாள். கைகள் இரண்டும் மணிக்கட்டில் விழுந்து விழுந்து எழும்பின. இறக்கை அடிபட்ட குருவி போல. அவள் அதைத் தன்னுடையதல்லாத கைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் ஒன்றும் எழுதவில்லை. "வீட்டை போகவேண்டாம். நேரே ஆஸ்பத்திரி" என்றார்.

பாமன்கடைச் சந்தியில் நிற்கும் நிமல் என்ற சிங்களப் பெடியன்தான் எங்களுடைய வழக்கமான திரீவீலர்க்காரன். வழியில் மறித்தார்கள். நிமல் தலையை வெளியே நீட்டி, "லெடெக் சேர், லெடெக்" என்று, உள்ளே நோயாளி இருப்பதைச் சொன்னான். ஆமிக்காரன் குனிந்து வாசுகியின் முகத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் ஓர் அடி பின்னால் போய், போகச் சொல்லிக் கையைக் காட்டினான். எங்கள் அடையாள அட்டைகளை யாரும் கேட்காத ஒரே பயணம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. மாற்றினார்கள், அதுவும் நனைந்தது. இரத்தத்தை உறைய வைக்கும் பொருளைச் செய்வது ஈரல்தானாம். அது வேலையை நிறுத்தினால் ஊசி குத்திய துளைகூட மூடாது. வார்டு டொக்டர் ஓர் இளம் பெண், திருகோணமலைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. மற்றவர்கள் இருக்கும்போது சிங்களமும் ஆங்கிலமும். எங்களோடு தனியே என்றால் தமிழ், அதுவும் குரலைத் தாழ்த்தி. அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் பஸ்ஸில் அப்படித்தான் கதைத்தோம்.

அவர் ஒரு கடதாசியையும் பென்சிலையும் கொடுத்து வாசுகியை நட்சத்திரம் கீறச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் படம் வரைந்து பரிசு வாங்கியவள் அவள். ஐந்து கோடுகளையும் கீறினாள். ஒன்றையொன்று தொடாமல் அவை கடதாசியின் மூலைகளில் சிதறிக் கிடந்தன. கீறி முடித்துத் திருப்தியோடு எங்களைப் பார்த்தாள்.

"ஈரல் கழிக்கவேண்டிய நஞ்சு மூளைக்கு ஏறியிருக்கு" என்று டொக்டர் எங்களை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "வைரஸ் செங்கமாரி மாதிரித் தெரியேல்லை. அங்கிள், இவ பரசிற்றமோல் எத்தினை போட்டவ?"

"காலமையும் மத்தியானமும் நான் குடுத்தனான்" என்றாள் சரோ.

"பின்னேரம் வேலையால வந்து நானும் குடுக்கிறனான்" என்றேன்.

சரோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் குடுத்தனீங்களோ?"

"நீர் குடுத்ததெண்டு எனக்குத் தெரியாது."

சளித் தடிமனுக்கென்று பக்கத்து வீட்டு அன்ரி கொடுத்த பவுடரும் இருந்தது. அதற்குள்ளும் அதே மருந்துதானாம். படுக்கும்போது வாசுகி தானாகவும் போட்டிருக்கிறாள். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. சமைத்த சாப்பாடு என்றால் யார் என்ன கொடுத்தது என்று எங்கள் வீட்டில் நூறு தரம் கேட்போம். குளிசையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"நல்லாய்ச் சாப்பிடுற ஒரு ஆள் இதைத் தாங்கியிருக்கவும் கூடும்" என்றார் டொக்டர். "இந்த மருந்து உடம்பில உடையேக்க கொஞ்சம் நஞ்சு வரும். ஈரலுக்குள்ள அதைப் பிடிச்சு அடக்க ஒரு காவல் இருக்கு. குளுட்டதயோன் எண்டு சொல்லுறது. அன்ரிஒக்சிடன்ற். அது நஞ்சுக்குத் தன்னைக் குடுத்துக் கலத்தைக் காப்பாத்தும். ஆனா அதைச் செய்யிறது நாங்கள் சாப்பிடுற சாப்பாட்டில இருந்துதான். முட்டை, மீன், பருப்பு. ரெண்டு மாசம் அரைப் பட்டினி, பிறகு முழுப் பட்டினி. காவல் முடிஞ்சுபோச்சு. நஞ்சு நேரே ஈரலில பிடிச்சிட்டுது."

நான் கொட்டாஞ்சேனைக்குக் கீழே, துறைமுகத்தில் கப்பல் திருத்தும் பட்டறை ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். "கப்பலுக்குச் சிங்க் கட்டி பூட்டுற மாதிரியோ?" என்று கேட்டேன். ஏன் அந்த நேரத்தில் அதைக் கேட்டேன் என்று தெரியாது.

"எனக்குக் கப்பல் தெரியாது அங்கிள். சொல்லுங்கோ."

கப்பலின் அடியில் சிங்க் என்கிற துத்தநாகக் கட்டிகளைப் பூட்டி விடுவோம். கடல்நீர் இரும்பை விட்டுவிட்டு அந்தக் கட்டிகளைத்தான் அரிக்கும். திரும்பிவரும் கப்பலில் அவை எலும்பு மாதிரித் தேய்ந்து தொங்கும். புதுசு பூட்ட மறந்தால் அதற்குப் பிறகு இரும்புதான். இதைச் சொன்னேன்.

"அதேதான் அங்கிள். இப்ப நாங்கள் புதுச் சிங்க் பூட்டப் பாக்கிறம். பிந்திட்டுது. எண்டாலும் பூட்டுவம்."

அதற்கான மருந்து அசிற்றைல்சிஸ்ரீன் என்பது. ஈரல் தன் காவலைத் திரும்பச் செய்வதற்குத் தேவையான மூலப்பொருளை அது கொடுக்கிறது. வார்டில் கையிருப்பில் இல்லை. நிமலும் நானும் மழைக்குள் மருந்துக் கடைகளாக ஏறி இறங்கினோம். தமிழ் வாயைத் திறக்க வேண்டாம் என்று அவனே எனக்குச் சொல்லி, அவனே உள்ளே போய்க் கேட்டான். நாலாவதோ ஐந்தாவதோ கடையில் கிடைத்தது. அந்தக் குப்பியை உடைத்தபோது கூழ்முட்டை மணம் வந்தது. அந்த மணத்தை இன்றைக்கும் நான் வெறுக்கவில்லை.

நாங்கள் திரும்பிவந்தபோது ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரன் ஒருவன் கட்டிலடியில் நின்றான். இளம் பெண், குளிசை. சாவதற்குப் போட்டாளா என்று எழுதவேண்டுமாம். அடுத்த கேள்வி அண்ணன் எங்கே என்பதுதான். அடுத்த கட்டிலில் தெமட்டகொடையைச் சேர்ந்த ஒரு சிங்கள அம்மா இருந்தார். அவர் எழும்பி உட்கார்ந்து, நிமலிடம் ஏற்கெனவே கதை கேட்டிருக்கவேண்டும், சிங்களத்தில் பொலிஸ்காரனை ஏசினார். "பிள்ளை சாமிக்கு நோன்பு பிடிச்சது. நீ உன் அம்மாவுக்காக ஒருநாளாவது பட்டினி கிடந்தாயா?" பக்கத்தில் நின்ற நேர்ஸ் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்து, காய்ச்சல் என்று எழுதிக்கொண்டு போனான்.

அன்று சஷ்டியின் ஆறாம் நாள், சூரன்போர். பிற்பகல், மழை விட்டு, ஜன்னல்களால் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. பார்வையாளர் நேரம் முடிந்தும் எங்களையும் நிமலையும் இருக்க விட்டிருந்தார்கள்; வார்டு அமைதியாக இருந்தது. மருந்து துளி துளியாக ஏறிக்கொண்டிருந்தது. வாசுகி கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, கதவைத் திறந்து விடுங்கோ."

கதவு திறந்துதான் இருந்தது. "ஏன் பிள்ளை?"

"உங்கட நீலச் சேர்ட் வருது."

"அண்ணா வாறானோ?" என்று சரோ பாய்ந்து கேட்டாள்.

"சேர்ட் வருது. அண்ணா அதுக்குள்ள இல்லை."

அவளுடைய கண்கள் வாசலிலிருந்து கட்டில் வரிசை வழியாக மெல்ல நகர்ந்தன. ஒருவர் நடந்து வரும் வேகத்தில். எங்கள் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றன. அங்கே ஒன்றும் இல்லை; சீமெந்துத் தரையில் வெயில் மட்டும். அந்தச் சிங்கள அம்மாவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவரும் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "துவ என்ன சொல்றா?" என்று நிமல் மூலம் கேட்டார். துவ என்றால் மகள். அதை வேறு மொழியில் சொல்ல என்னால் முடியவில்லை.

சரோவும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆள் இல்லாத சேர்ட் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. ஒரு பிள்ளை போய்விட்டான், மற்றப் பிள்ளையை வந்து கூப்பிடுகிறான்.

அதற்குப் பிறகு அவள் தூங்கினாள். கூப்பிட்டால் எழும்பாத தூக்கம். மணிக்கு மணி விரலில் குத்திச் சீனி பார்த்தார்கள். ஈரல்தான் உடம்பின் சீனியைச் சேமித்துவைத்துக் கொடுக்கிறதாம். பட்டினியில் அதுவும் வெறுமையாகிவிட்டது. மின்சாரம் போகும் நேரங்களில் வார்டு முழுவதும் இருள, ஒவ்வொரு கட்டிலிலும் யாரோ இருமுவது கேட்கும். எங்கள் கட்டிலில் மட்டும் சத்தமில்லை. நான் கையை அவள் மூக்கருகே வைத்து, அந்த இனித்த மூச்சு படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வெறுத்த மணம் அப்போது வேண்டியிருந்தது.

சிங்கள அம்மா தன் கையிலிருந்த வெள்ளை நூலைக் கழற்றி வாசுகியின் மணிக்கட்டில் கட்டினார். களனிப் பன்சலையில் பிக்குமார் பிரித் ஓதிக் கட்டிய நூல் என்றார். சரோ அதற்கு மேலே தன் திருநீற்றைப் பூசினாள்.

மூன்றாம் நாள் டொக்டர் மறுபடி பென்சிலைக் கொடுத்தார். நட்சத்திரத்தின் இரண்டு முனைகள் சேர்ந்தன. அடுத்த நாள் நாலு. பிறகு ஒரு காலை, முழு நட்சத்திரம், உள்ளே நிழல் தீட்டியபடி. பஞ்சு நனைவது நின்றது. மணம் போயிற்று. சேர்ட்டைப் பற்றி அவளிடம் கேட்டேன். அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

தப்பிவிட்டாள் என்று நினைத்தோம். அன்றுதான் மற்றப் பயம் தொடங்கியது.

"இனிச் சாப்பாடுதான் மருந்து" என்று டொக்டர் சொன்னார். "குழம்பியிருக்கேக்க புரதம் கூடாது எண்டு நிப்பாட்டி வைச்சம். இப்ப மெல்ல மெல்லக் குடுக்கவேணும். பருப்பில தொடங்கி, முட்டை, பிறகு மீன். ஊசியால எவ்வளவு நாளைக்கு ஏத்துறது? ஈரல் திரும்பி வளரும், ஆனா வெறுங்கையால வளராது."

வெள்ளவத்தையிலிருந்து உறவுகள் எல்லாம் வந்தன. நெல்லிக்காய்ச் சாறு, வல்லாரைச் சம்பல், கீழ்க்காய்நெல்லி அரைத்த உருண்டை. சரோவின் மச்சாள் மாதுளம்பழத்தோடு வந்து, "இதில அந்த அன்ரி என்னவோ நிறைய இருக்காம்" என்றாள். டொக்டர் சிரித்தார். "மரக்கறி, பழம் எல்லாம் நல்லது அன்ரி. வீட்டை போய் எல்லாரும் சாப்பிடுங்கோ. அரைச்ச மருந்து மட்டும் இப்ப வேண்டாம். இந்த ஈரலுக்குப் புதுசா எதையும் விளங்கப்படுத்த ஏலாது. சோறும் பருப்பும் குடுங்கோ."

சரோ கோயிலிலிருந்து கொண்டுவந்த பாரணைச் சோற்றைப் பிசைந்து நீட்டினாள். விரதத்தை முடித்துவைக்கும் சாப்பாடு அது. வாசுகி வாயை மூடிக்கொண்டாள்.

"சூரன்போர் முடிஞ்சுது குஞ்சு. முருகனே சாப்பிட்டிட்டார்."

"அது முருகன்ர விரதம். என்ர விரதம் அண்ணாவுக்கு."

"அண்ணா வந்து உன்னை இப்பிடிப் பாத்தால்?"

"வரட்டும். பாக்கட்டும்."

குரலில் குழப்பம் எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. குழம்பிக் கிடந்தபோது அவளைக் காப்பாற்ற மருந்து இருந்தது. தெளிந்த மகளுக்கு என்ன கொடுப்பது? நான் கெஞ்சினேன். ஏசினேன். "ரெண்டு பிள்ளையளையும் குடுக்க என்னால ஏலாது" என்றும் சொன்னேன். அவள் அழுதாள், என் கையைப் பிடித்தாள், வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் குளுக்கோஸ் மட்டும். இரத்தப் பரிசோதனை முன்னேறாமல் அப்படியே நின்றது. மூக்கால் குழாய் விடவேண்டி வரும் என்று டொக்டர் சொன்னபோது அவருடைய குரலும் சோர்ந்திருந்தது.

மறுநாள் மத்தியானம், பார்வையாளர் நேரம். நான் கதவுக்கு முதுகைக் காட்டி, சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சரோவின் கை என் தோளை இறுக்கியது.

நீலச் சேர்ட் வந்துகொண்டிருந்தது.

கட்டில் வரிசை வழியாக, இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து, மெல்ல. இடது பையில் என் மைக்கறை. அதற்குள் இருந்தது சுதன் இல்லை. மெலிந்த, கறுத்த, முன்பின் தெரியாத ஒரு பெடியன். சேர்ட் அவனுக்குப் பெரிது, கையை மடித்துவிட்டிருந்தான். எங்கள் கட்டிலின் கால்மாட்டில், அன்று அவளுடைய கண்கள் நின்ற அதே இடத்தில், வந்து நின்றான். அந்தச் சிங்கள அம்மா நெஞ்சில் கைகூப்பினார்.

"வாசுகி அக்காங்களா? வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டம்மா இங்க அனுப்புனாங்க. நான் அட்டன் பக்கமுங்க. கொட்டாஞ்சேனையில கடையில வேலை பார்த்தப்ப புடிச்சாங்க. சுதன் அண்ணனோட ஒரே அறையில இருந்தேன்."

"இருக்கிறானோ?" என்றாள் சரோ.

"இருக்காருங்கம்மா. நல்லா இருக்காரு. நேத்து என்னைய விட்டுட்டாங்க. அவரையும் சீக்கிரம் விட்டுருவாங்கன்னு பேசிக்கிறாங்க. அவரு இருக்கிற எடத்த உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு." இடத்தின் பெயரைச் சொன்னான்.

"இந்தச் சேர்ட்டை எப்ப தந்தவன்?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"போன சனிக்கெழமைங்க. என் சட்டை கிழிஞ்சு போச்சு. என்னைய மட்டும் வேற எடத்துக்கு மாத்துறப்ப, வெறும் ஒடம்போட போகாதடான்னு கழட்டிக் குடுத்தாரு. மத்தியானத்துக்கு மேல இருக்கும்."

அது சூரன்போரன்று, வாசுகி கதவைத் திறக்கச் சொன்ன நேரம். டொக்டரிடம் இதைப் பிறகு சொன்னேன். மூளையில் நஞ்சு ஏறினால் கண்ணுக்கு எதுவும் தோன்றும் என்றார். நானும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெடியன் பிறகு திருப்பித் தந்த சேர்ட்டைத் தோய்த்து மடித்து வைத்திருக்கும் அலுமாரியை இன்னமும் நான் தனியாகத் திறப்பதில்லை.

வாசுகி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொய் சொல்லுறியள்" என்றாள். "அம்மா சொல்லிக் கூட்டி வந்தவ. என்னைச் சாப்பிட வைக்க."

அந்தப் பெடியனுக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் முகங்களைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"நம்ப மாட்டீங்கன்னு சொன்னாருங்க. பட்டினி கெடப்பீங்கன்னும் சொன்னாரு. அப்படிக் கெடந்தா இத மட்டும் சொல்லச் சொன்னாரு. இனிமே மீன்தலை தங்கச்சிக்குத்தானாம். அவரு வந்து கேக்கவே மாட்டாராம்."